எட்டுக்கு நாலு பிளைவுட்டை நெடுக்கு அறுக்க: டேபிள் சாவா, கை மெஷினா, கடை மெஷினா?

ஒரு அலமாரி வேலையை எடுத்துக்கொள்வோம். உயரம் 7 அடி, ஆழம் 22 இன்ச். பக்கப் பலகை, நடுத் தடுப்பு, தட்டு எல்லாம் 18 மி.மீ. பிளைவுட். கடையிலிருந்து வருவது எட்டுக்கு நாலு ஷீட். 48 இன்ச் அகலத்தில் 22, 22 என்று இரண்டு பட்டை எடுத்தால் மிச்சம் 4 இன்ச், அது கீழே ஸ்கர்டிங்குக்கு (அடிப்பட்டைக்கு) ஆகும் என்று மனசு கணக்குப் போடும். ஆகாது. பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நூல் தின்னும். இரண்டு வெட்டுக்கு இரண்டு நூல், அதாவது கால் இன்ச் தூளாகப் போய்விடும். கையில் நிற்பது மூன்றே முக்கால்.

இந்த இரண்டு நெடுக்கு வெட்டை எதில் போடுவது? டேபிள் சா, அதாவது மேசையின் நடுவில் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கிற ரம்பம், வாங்கிய எல்லோருக்கும் முதல் வாரமே இந்தக் கேள்வி வரும். மெஷின் இருக்கிறது, ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளுகிற நேர்ச்சட்டம்) இருக்கிறது, ஷீட்டை ஏற்றித் தள்ளினால் நேராக வந்துவிடாதா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்றைக்கு முழு ஷீட்டை டேபிள் சாவில் ஏற்றுவது எனக்குக் கடைசி வழி. அது ஏன் என்பதையும், ஏற்றித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் எப்படி ஏற்றலாம் என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற வழிகள் அதற்கு அப்புறம்.

டேபிள் சாவில் முழு ஷீட்

18 மி.மீ. ஷீட் ஒன்று, உள்ளே போட்டிருக்கிற மரத்தைப் பொறுத்து, 32 முதல் 40 கிலோ வரை இருக்கும். 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் தூக்கிப்போகிற அளவுள்ள டேபிள் சாவின் மேசை முன்னிருந்து பின்வரை சுமார் 2 அடி. ஆரம்பத்தில் ஷீட்டின் பெரும்பகுதி உங்கள் கையில்தான் தொங்கும். பாதி தூரம் போனதும் முன்னும் பின்னும் எடை சமமாகி, கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். அதைத் தாண்டியதும் கதை மாறும். ஷீட்டின் வால் முனை மேசையின் முன்விளிம்புக்கு வந்து சேரும்போது 6 அடி பின்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. எடையின் நடுப்புள்ளி மேசையின் பின்விளிம்பைத் தாண்டி 2 அடி. இந்தப் பக்கம் நீங்கள் அமுக்கிப் பிடிப்பதும் அதே 2 அடித் தூரத்தில். ஆக, ஷீட் கவிழாமல் இருக்க 36 கிலோ அளவுக்கு நீங்கள் கீழே அமுக்க வேண்டும், அதே கையால் முன்னாலும் தள்ள வேண்டும், அதே கையால் ஃபென்ஸோடும் ஒட்டிப் பிடிக்க வேண்டும். வெட்டு முடிகிற இடத்தில், வால் முனை பிளேடைத் தாண்டும்போது, மேசையில் மிச்சம் 8 இன்ச் இருந்தால் பெரிது. அங்கே கணக்குப் போட்டால் 180 கிலோ வருகிறது. எந்த ஆளாலும் முடியாது.

கவிழட்டுமே, கீழே விழுந்தால் ஒரு மூலை நசுங்கும், அவ்வளவுதானே என்றால், இல்லை. பிளேடின் முன்பற்கள் கீழ்நோக்கி இறங்கி வெட்டுகின்றன. பின்பற்கள் மேல்நோக்கி, உங்கள் பக்கமாக ஏறி வருகின்றன. ஷீட் கவிழ்ந்தாலோ ஃபென்ஸை விட்டு ஒரு நூல் திரும்பினாலோ வெட்டிய விளிம்பு அந்தப் பின்பற்களில் மாட்டும். பற்கள் அதைத் தூக்கி, ஆள் நிற்கிற பக்கம் எறியும். உதைப்பு என்பது இதுதான். 10 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 3,650 சுற்று சுற்றுகிறது என்றால் பல்லின் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். முழு ஷீட் கனமானது, அது பறக்காது. பறப்பது ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கிற ஒல்லிப் பட்டை.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். வாடகை ஷெட்டில் தனியாக இதே மாதிரி ஒரு மூன்றே முக்கால் பட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டை ஃபென்ஸ் பக்கம், பெரிய துண்டு இடது பக்கம். கடைசி ஓர் அடியில் பெரிய துண்டு பின்னால் சாயத் தொடங்கியது. வலது கையை எடுத்து அதைப் பிடிக்கப் போனேன். அந்த ஒரு நொடி பட்டையைத் தள்ள ஆளில்லை. அது ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் சும்மா கிடந்தது. அடுத்து நான் கேட்டது எனக்குப் பின்னால் ஷட்டர் அதிர்ந்த சத்தம். பட்டை என் இடுப்புப் பக்கமாகப் போயிருக்கிறது. போனதைப் பார்க்கவே இல்லை. ஷட்டர் தகட்டில் கட்டைவிரல் நுழைகிற குழி. முந்தின வாரம் ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுப்பதற்காக ரைவிங் நைஃபைக் கழற்றிய நான் அதைத் திரும்ப மாட்டவில்லை. பிளேடு மூடியும் அதோடு சேர்ந்து மூலையில் கிடந்தது.

ரைவிங் நைஃப் என்பது பிளேடுக்கு நேர் பின்னால் நிற்கிற வளைந்த தகடு. பிளேடோடு சேர்ந்து ஏறும், இறங்கும். பிளேடு போட்ட சந்து மூடாமலும், மரம் பின்பற்களின் மேல் சாயாமலும் காப்பது அதன் வேலை. பிளைவுட்டுக்கு இது தேவையில்லை, திட மரம்தான் முறுக்கிக்கொள்ளும் என்று சில பேர் சொல்வார்கள். நம் கடைகளில் கிடைக்கிற ஷீட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. உள்ளே ஓரிடத்தில் கோர் (உள்ளடுக்கு மரம்) ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஓரிடத்தில் வெறும் ஓட்டை. சுவரில் சாய்த்து வைத்ததில் வில் மாதிரி வளைந்தும் இருக்கும். அறுக்க அறுக்கச் சந்து மூடிக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் 1999இல் கண்டுபிடித்த சாஸ்டாப் மெஷின், விரல் பட்டதும் 5 மில்லி நொடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். அருமையான சாதனம். ஆனால் பறந்து வருகிற பட்டையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு இந்தச் சாதாரணத் தகடுதான்.

சரி, ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் வேலை பின்தாங்கி மேசை. பிளேடைத் தாண்டி ஷீட்டின் நடுப்புள்ளி போய் நிற்கிற இடம் வரை மேசை நீள வேண்டும் என்பதால் 4 அடிக்குக் குறைந்தால் பயனில்லை. 5 அடி இருந்தால் நிம்மதி. பழைய ஃப்ளஷ் கதவு ஒன்றை ஸ்டாண்டில் படுக்கப் போட்டு, மேலே மைக்கா ஒட்டி, மெழுகு தேய்த்தால் போதும். உயரம் சாவின் மேசையைவிட 2 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும். உயர்ந்தால் ஷீட்டின் முனை முட்டி நிற்கும், நடு வெட்டில் நிற்பதைவிட மோசமான இடம் கிடையாது. கடைகளில் விற்கிற ஒற்றை ரோலர் ஸ்டாண்டை நான் நம்புவதில்லை. ரோலர் கொஞ்சம் கோணலாக நின்றாலும் அது ஷீட்டைத் தன் போக்கில் ஃபென்ஸை விட்டு இழுத்துப் போகும், இல்லாவிட்டால் ஃபென்ஸில் நெருக்கும். இடது பக்கமும் ஒரு தாங்கி வேண்டும், ஏனென்றால் 22 இன்ச் ஃபென்ஸ் பக்கம் போனால் மிச்சம் 26 இன்ச் அந்தப் பக்கம் தொங்கும்.

ஆள் வைத்துக்கொண்டால் போதாதா? பின்னால் பிடிக்கிற பையனுக்கு எவ்வளவு சொன்னாலும் ஷீட் கைக்கு வந்ததும் இழுக்கத் தோன்றும். இழுக்கும்போது தன் உயரத்துக்குத் தூக்குவான், தன் பக்கம் திருப்புவான். “இழுக்காத தம்பி, உள்ளங்கையை விரிச்சுக் கீழ குடுத்தா போதும், அதுவா வரும்” என்று மெஷின் போடுவதற்கு முன்னாலேயே, ஒரு முறை பிளேடை இறக்கிவிட்டு ஷீட்டை மேலே ஓட்டிக் காட்டிவிட வேண்டும். ஷீட்டின் போக்கைத் தீர்மானிப்பது தள்ளுகிறவர் ஒருவர்தான்.

தள்ளுகிறவர் நிற்க வேண்டிய இடம் பிளேடுக்கு நேர் பின்னால் இல்லை. இடது பக்கம், ஷீட்டின் பின் இடது மூலையை ஒட்டி. அங்கிருந்து தள்ளினால் முன்னாலும் ஃபென்ஸ் பக்கமும் ஒரே சமயத்தில் அழுத்தம் போகும். கண் பிளேடில் இருக்கக் கூடாது. ஷீட்டும் ஃபென்ஸும் ஒட்டுகிற கோட்டில் இருக்க வேண்டும், அங்கே வெளிச்சம் தெரிந்தால் தவறு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஃபென்ஸ் பக்கத்துத் துண்டை மட்டும் தள்ளுகட்டையால் பிளேடைத் தாண்டி முழுவதுமாகத் தள்ளிவிடுங்கள். இடது துண்டு அங்கேயே கிடக்கட்டும், பிளேடு நின்ற பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பிளேடின் முன்பல்லிலும் பின்பல்லிலும் அளந்து பாருங்கள். பின்னால் அரை மி.மீ. நெருங்கியிருந்தால்கூட எட்டு அடி முழுவதும் அந்த நெருக்கல் தொடரும், வெட்டின் ஓரம் கருகும். 60 பல் டிசிடி (பல் முனையில் கார்பைடு வைத்த) பிளேடு பிளைவுட்டுக்குச் சரி, 24 பல் பிளேடு திட மரத்துக்கு. கையுறை வேண்டாம், அது பிளேடில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, மணிக்கட்டில் கோயில் கயிறு, தொளதொள முழுக்கைச் சட்டை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பிளைவுட் தூளில் மரத்தோடு பசையும் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வயர் ஒல்லியாக இருந்தால் மெஷின் பாதியில் திணறும், திணறுகிற பிளேடும் உதைக்கும். 1,800 வாட் மெஷினுக்கு 2.5 ஸ்கொயர் வயரும் பவர் பிளக்கும் இல்லாமல் முழு ஷீட்டைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டால் டேபிள் சா தருகிற வெட்டு அழகானது, திரும்பத் திரும்ப ஒரே அளவில் வரும். ஆனால் இடத்தைப் பாருங்கள். முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் மெஷின். 18 அடி நீளத்துக்குத் தடையில்லாத தளம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இது நடக்காது. சின்ன மெஷின்கள் சிலவற்றில் ஃபென்ஸ் 22 இன்ச் வரை போகவே போகாது, அதை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சைட்டில் நிறையப் பேர் டேபிள் சா என்று சொல்வது, ஒரு பிளைவுட் மேசையில் சந்து போட்டு, அடியில் கை மெஷினைத் தலைகீழாகத் திருகி, சுவிட்சை ஆனிலேயே நிற்கும்படி டேக் போட்டுக் கட்டியது. ஃபென்ஸுக்குப் பதில் ஒரு ரீப்பர் கட்டை, இரண்டு கிளாம்ப். ரைவிங் நைஃப் கிடையாது, கீழ் மூடியைக் கயிறு கட்டித் திறந்து வைத்திருப்பார்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது தானாக ஓட ஆரம்பிக்கும். ஷீட்டைச் சரிசெய்யக் கையை மேலே வைத்திருக்கிற நேரத்தில் அது ஓடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒழுங்கான டேபிள் சாவில் கரண்ட் திரும்பினாலும் நீங்கள் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அந்தச் சுவிட்ச் ஒன்றுக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம். இந்தத் தலைகீழ் மேசையில் பீடிங் அறுப்பதே எனக்குப் பயம். முழு ஷீட் என்றால் நான் அந்த ஷெட்டுக்குள் நிற்க மாட்டேன்.

ஷீட் அசையாமல், மெஷின் நகர

36 கிலோவைத் தள்ளுவதற்குப் பதிலாக 4 கிலோ மெஷினைத் தள்ளலாமே என்பதுதான் இந்த வழியின் மொத்தச் சாரமும். 7 இன்ச் சர்குலர் சாவும் (வட்ட பிளேடு உள்ள கை மெஷின்) நேரான கைடும் இருந்தால் போதும். தனி ஆளாக வேலை செய்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன். வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

தரையில் 2 இன்ச் தெர்மாகோல் ஷீட் விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் படுக்கப் போடுங்கள். பிளேடின் ஆழத்தை ஷீட்டைவிட 4, 5 மி.மீ. மட்டும் கூட வையுங்கள். தெர்மாகோலில் கோடு விழும், விழட்டும், ஒரே தெர்மாகோல் இருபது ஷீட்டுக்கு வரும். முழு ஷீட்டும் கடைசி வரை அடியில் தாங்கப்பட்டிருப்பதால் எதுவும் சாயாது, சந்து மூடாது, வெட்டி முடித்த பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு ஸ்டூல் போட்டு நடுவில் வெட்டுகிற பழக்கம் இதற்கு நேரெதிர். நடுவில் ஷீட் தொய்ந்து, சந்து மேலே நெருங்கி, பிளேடைக் கவ்வும். கை மெஷினும் உதைக்கும் என்பதை மறக்க வேண்டாம். அது பின்னால் உங்கள் தொடைப் பக்கம் வரும். அதனால் வெட்டுக் கோட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து தள்ளாதீர்கள்.

கைடு செய்வது அரை மணி நேர வேலை. 6 மி.மீ. பிளைவுட்டில் ஓர் அடி அகலத்துக்கு எட்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு அடிப்பலகை. எட்டு அடி ஷீட்டிலிருந்தே எடுப்பதானால் இரண்டு துண்டை முட்டவைத்து ஒட்டிக்கொள்ளலாம். அதன்மேல் 12 மி.மீ. பட்டை ஒன்றை, கம்பெனி விளிம்பு (தொழிற்சாலையிலேயே நேராக வெட்டி வந்த ஓரம்) சாவின் பக்கம் பார்க்கும்படி, பசை போட்டுத் திருகுங்கள். நேர்க்கோட்டுக்கு அந்தக் கம்பெனி விளிம்புதான் ஆதாரம், அதனால் அதை முதலில் நூல் பிடித்துப் பார்த்துவிடுங்கள். பிறகு சாவை அந்தப் பட்டையோடு ஒட்டி ஒரே ஒரு தடவை ஓட்டினால் அடிப்பலகையின் உபரி அறுந்து விழும். இனி அந்த அறுந்த ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிளேடு வெட்டும். ஷீட்டில் இரு முனையிலும் 22 இன்ச்சுக்குப் புள்ளி வைத்து, அந்த ஓரத்தைப் புள்ளிகளில் பொருத்தி, இரண்டு கிளாம்ப் போட்டு ஓட்ட வேண்டியதுதான். மெஷின் ஓரத்துக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தைக் கழிக்கிற ஆஃப்செட் கணக்கு எதுவும் கிடையாது. வேண்டிய துண்டு கைடுக்கு அடியில் இருக்க வேண்டும், பிளேடு தின்கிற நூல் கழிவுப் பக்கம் போக வேண்டும். எட்டு அடியின் நடுவில் கைடு வில்லாக வளைந்தால் ஒரு நூல் போய்விடும், அதனால் நடுவிலும் ஒரு சின்ன ஆணியோ இருபக்க டேப்போ இருந்தால் நல்லது.

குறை இல்லாமல் இல்லை. கை மெஷினில் பற்கள் அடியிலிருந்து மேலே ஏறி வெளியேறுவதால் மேல்முகத்தில் சில்லு தெறிக்கும். டேபிள் சாவில் இதற்கு நேர்மாறு, அங்கே அடிமுகம்தான் கெடும். ஆகவே கை மெஷினில் நல்ல முகம் கீழே, டேபிள் சாவில் நல்ல முகம் மேலே. மைக்கா ஒட்டிய ஷீட் என்றால் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கட்டர் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு வெட்டுங்கள். வெறும் பிளைவுட்டை அறுத்த பிறகு மைக்கா ஒட்டப் போகிறீர்கள் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், மைக்காவே எல்லாவற்றையும் மறைத்துவிடும். இன்னொரு குறை, பத்து பட்டை ஒரே அளவில் வேண்டுமென்றால் பத்து முறை புள்ளி வைக்க வேண்டும். பத்தில் ஒன்று அரை மி.மீ. தப்பும்.

நம் ஊர்ச் சைட்டில் 7 இன்ச் மெஷினைவிட அதிகம் பார்க்கிறது 4 இன்ச் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டியதுதான். லேசாக இருக்கிறது, ஒரு கையில் பிடிக்கலாம், விலையும் குறைவு. ஆனால் அது கல்லுக்குச் செய்தது. நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை ஓடும். மேல் பாதிக்குத்தான் மூடி. வெட்டி முடித்ததும் தானாக இறங்கி மூடுகிற கீழ் மூடி கிடையாது. சுவிட்சை விட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிற பிளேடைத் தரையிலோ மடியிலோ வைத்துவிடுகிற கணம்தான் பயங்கரம். பழகிய கார்பென்டர் கையில் அது எட்டு அடியை நொடியில் நேராகப் போகிறதைப் பார்த்திருக்கிறேன், ரசித்தும் இருக்கிறேன். வீட்டில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை வித்தியாசம் ஒரு ஷீட் காசுகூட இருக்காது என்றால் 7 இன்ச்சுக்குப் போங்கள்.

டிராக் சா என்பது இதே வழியின் பணக்கார அண்ணன். அலுமினியத் தண்டவாளத்தின் முதுகிலேயே மெஷின் உட்கார்ந்து ஓடும், விலகவே முடியாது. தண்டவாள ஓரத்து ரப்பர் பட்டை வெட்டுக் கோட்டை அமுக்கிப் பிடிப்பதால் வேண்டிய துண்டின் பக்கம் மேல்முகத்திலும் சில்லு வராது. பிளேடு மூடிக்குள்ளேயே இருந்து, அமுக்கும்போது மட்டும் இறங்கும். மகிதா, போஷ் எல்லாம் தருகிறார்கள். வாங்கும்போது தண்டவாளத்தின் நீளத்தைப் பாருங்கள். 1.4 மீட்டர் தண்டவாளம் ஒன்றில் எட்டு அடி, அதாவது 2.44 மீட்டர், வராது. இரண்டை இணைக்க வேண்டும், இணைப்பில் நேர்மட்டம் வைத்துப் பார்க்காமல் முடுக்கினால் சின்ன முறிவு விழுந்து அது வெட்டில் அப்படியே தெரியும். மாதம் பத்து ஷீட்டுக்கு மேல் போகிறவருக்கு இது நியாயமான செலவு. வருடத்துக்கு ஓர் அலமாரி செய்கிறவருக்கு மேலே சொன்ன பிளைவுட் கைடே போதும்.

ஜிக்சாவையும் கை ரம்பத்தையும் இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. ஜிக்சா வளைவுக்கு, எட்டு அடி நேர்க்கோட்டில் அதன் பிளேடு தன்னிஷ்டத்துக்குப் போகும்.

கடையிலேயே வெட்டி வாங்குவது

சென்னையில் வால்டாக்ஸ் ரோடு பக்கம் போனாலும் சரி, உங்கள் ஊர்ப் பைபாஸில் இருக்கிற பிளைவுட் கடைக்குப் போனாலும் சரி, கடையிலோ பக்கத்துச் சந்திலோ ஸ்லைடிங் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஷீட்டை ஓர் அலுமினியப் படுக்கையில் வைத்தால் படுக்கையே தண்டவாளத்தில் நகர்ந்து ஷீட்டைப் பிளேடிடம் கொண்டுபோகும். 1906இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் செய்த மெஷினிலிருந்து வருகிற வம்சம் அது. ஷீட் ஃபென்ஸில் உரசுவதில்லை, படுக்கையோடு பிடிக்கப்பட்டு நகர்கிறது. டேபிள் சாவின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு மாற்றத்தில் போய்விடுகிறது. பெரிய பிளேடுக்கு முன்னால் சின்னதாக ஸ்கோரிங் பிளேடு ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றி, அடிமுகத்தில் ஒன்றிரண்டு மி.மீ. கீறல் போட்டுவைக்கும். அதனால் மைக்கா, வெனீர் ஒட்டிய ஷீட்டிலும் இரண்டு முகமும் சுத்தமாக வரும்.

ஐந்து ஷீட்டுக்கு மேல் வேலை இருந்தால் நான் இங்கேதான் போகிறேன். அப்பார்ட்மென்ட் வேலை என்றால் இரண்டு ஷீட்டானாலும் இங்கேதான். எட்டு அடி ஷீட் லிஃப்டில் ஏறாது, நான்காவது மாடிக்குப் படியில் இரண்டு பேர் தூக்கிப் போக வேண்டும், திரும்புகிற இடத்தில் எல்லாம் சுவர் பெயின்ட் போகும், அசோசியேஷன் செக்ரட்டரி கதவைத் திறந்து பார்ப்பார். 22 இன்ச் பட்டையாக வெட்டிவிட்டால் ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு போகலாம். 7 அடிக்குக் குறுக்கு வெட்டும் கடையிலேயே போட்டுவிட்டால் சில லிஃப்டில் சாய்த்து ஏற்றிவிடலாம். வீட்டுக்குள் தூளும் சத்தமும் இல்லை.

சிக்கல் அளவுச் சீட்டில்தான் வரும். வாயால் சொன்ன அளவு வெட்டும்போது வேறாக மாறியிருக்கும். ஒரு முறை “22 ரெண்டு, மீதி 4” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஆபரேட்டர் முதலில் 4 எடுத்தார், பிறகு 22 எடுத்தார், மிச்சம் 21 முக்கால் நின்றது. அவர்மேல் தப்பில்லை, பிளேடு தின்கிறதை யார் கணக்கில் கழிப்பது என்று நான் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு படம் போட்டு, மி.மீ.யில் எழுதி, எது முதலில் என்று 1, 2, 3 போட்டு, எது மிச்சமோ அதன்மேல் ‘வந்த அளவு’ என்று எழுதிக் கொடுக்கிறேன். மேல் வெனீரின் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஷீட்டிலேயே சாக்பீஸால் அம்பு. முதல் துண்டு வந்ததும் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடிப்பேன். வித்தியாசம் தெரிந்தால் மீதியை வெட்டுவதற்கு முன் படுக்கையின் ஃபென்ஸைச் சரிசெய்யச் சொல்லலாம். வெட்டி முடித்த பிறகு சொன்னால் சண்டைதான்.

கடையில் கூட்ட நேரம் என்றால் உங்கள் ஷீட் மாலை வரை காத்திருக்கும். பிளேடு சாணை போட்டு எத்தனை நாளானது என்பது உங்கள் கையில் இல்லை. முதலில் வெட்டுகிற ஷீட்டின் ஓரத்தில் கையைத் தடவிப் பார்த்தால் தெரியும், கருகல் வாசனையும் காட்டிக்கொடுக்கும். வேலை நடக்கும்போது திட்டம் மாறினால், அலமாரி ஆழம் 22 இல்லை, 20 என்று வீட்டுக்காரம்மா முடிவெடுத்தால், திரும்ப வண்டி பிடிக்க வேண்டும். அந்த மாதிரி வீடுகளுக்கு மட்டும் அங்குலம் கூட்டி வெட்டி வாங்கிக்கொண்டு, கடைசி அளவை என் மெஷினில் போடுகிறேன்.

எனக்குப் படிந்த முறை

மேலே சொன்ன கடைசி வரிதான் மெல்ல மெல்ல என் எல்லா வேலைக்கும் வழக்கமாகிவிட்டது. முழு ஷீட்டை உடைப்பது ஒரு வேலை, அளவுக்குக் கொண்டுவருவது இன்னொரு வேலை. உடைப்பதைக் கடை மெஷினோ தெர்மாகோல் மேல் கை மெஷினோ செய்யட்டும், ஒரு நூல் இரண்டு நூல் கூடவே வைத்து. அளவுக்குக் கொண்டுவருவதை டேபிள் சா செய்யட்டும். இரண்டாவது வேலையில் மேசைமேல் ஏறுவது 36 கிலோ இல்லை, 16, 17 கிலோ. அதிலும் குறுக்கே 7 அடிக்கு வெட்டியிருந்தால் இன்னும் குறையும். பின்தாங்கி மேசை அப்போதும் வேண்டும், ஆனால் 3 அடிப் பலகையே சமாளித்துவிடும். பத்துப் பட்டைக்கும் ஃபென்ஸை ஒரு தடவை பூட்டினால் போதும், பத்தும் ஒரே அகலம். டேபிள் சாவை வாங்கியதற்கான நியாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். துண்டு சின்னதானதும் தைரியம் கூடிவிடும். 22 இன்ச் அகலம், 12 இன்ச் நீளம் உள்ள தட்டுத் துண்டை எடுத்து, 12 இன்ச் பக்கத்தை ஃபென்ஸில் ஒட்டித் தள்ளத் தோன்றும். ஃபென்ஸில் ஒட்டுகிற பக்கம் அகலத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது நடுவில் சுழலும், சுழன்றால் உதைக்கும். அதற்குத் துண்டைத் தாங்கி நகர்த்துகிற குறுக்கு வெட்டுச் சட்டம் இருக்கிறது, ஃபென்ஸைத் தள்ளி வைத்துவிட்டு அதில் வையுங்கள்.

18 அடி நீளத் தளமும், 5 அடிப் பின்மேசையும், கழற்றாத ரைவிங் நைஃபும், ஒழுங்காகப் பழக்கிய ஓர் ஆளும் இருக்கிறவர் முழு ஷீட்டை டேபிள் சாவிலேயே ஏற்றட்டும், வேகமாகவும் நன்றாகவும் முடியும். இதில் ஒன்று குறைந்தாலும் என் வாக்கு மெஷினை ஷீட்டுக்குக் கொண்டுபோகிற பக்கம்தான்.

அந்த மாதிரி மூன்றே முக்கால் பட்டையை இப்போது, இரண்டு 22 எடுக்க வேண்டாத ஷீட்டிலிருந்து, இப்படி எடுக்கிறேன். தரையிலேயே, கை மெஷினில், 4 இன்ச்சுக்கு மேல் கொஞ்சம் விட்டு ஒரு வெட்டு. பிறகு டேபிள் சாவில் ஃபென்ஸை மூன்றே முக்காலுக்குப் பூட்டி, பட்டையின் நேரான கம்பெனி விளிம்பு ஃபென்ஸில் ஒட்டும்படி வைத்து, முதல் ஆறு அடியைக் கையாலும், கடைசி இரண்டடியை ஒரு ஜான் நீளக் குதிகால் கட்டையாலும் தள்ளுகிறேன். குதிகால் கட்டை பட்டையின் வாலை மேலிருந்து அமுக்கிப் பின்னாலிருந்து தள்ளும். பட்டை முழுவதும் பின்மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளேடு நிற்கிற வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஷட்டரில் இருக்கிற குழி அவர்களுக்குத் தெரியாது.